ஓசை அடக்கி: பெரம்பலூர், அரியலூர் சாலைகளில் சைலன்சரின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் எஞ்சினில் எரிந்து முடிந்த வாயுவை வண்டியின் பின்புறம் வரை கொண்டுசென்று, வழியிலேயே அதன் ஓசையைத் தணித்து வெளியே விடும் உலோகக் குழாய்க்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயர் சைலன்சர். அமெரிக்கர்கள் இதனை மஃப்ளர் என்று அழைக்க, ஆங்கிலேயர் வழியாக மோட்டார் வண்டியைப் பெற்ற தமிழ் வட்டாரங்களில் ஆங்கிலேயரின் சொல்லே நிலைத்தது. எழுத்துத் தமிழ் இதனைப் புகைபோக்கி என்று சொல்லிப் பார்த்தாலும் பட்டறைகளில் அச்சொல் செல்லுபடியாகவில்லை. அது புகையைக் குறிக்கிறதே தவிர, கருவியின் முதன்மைப் பணியாகிய ஓசை அடக்குதலைக் குறிக்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று 'சைலன்சர் மாற்றிய வண்டி' என்றால் கேட்பவர் நினைவுக்கு வருவது, தெருமுனையைத் தாண்டுவதற்கு முன்பே தன் வருகையை அறிவிக்கும் பெருஞ்சத்தம். எனினும் சைலன்சர் மாற்றும் வழக்கம் சத்தத்தை நாடிப் பிறந்ததன்று. துருவும் கரியும் தின்ற குழாயைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தி வண்டியை மீண்டும் அமைதியாக்குவதற்கே அது தொடங்கியது. அந்தப் பழுதுபார்ப்பு எவ்வாறு விருப்பத்தேர்வாக மாறியது என்பதை அறிய வேண்டுமானால், கருவியின் இயக்கத்தையும் அது இவ்வட்டாரத்திற்கு வந்த வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எஞ்சின் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளி முடித்த பின்பும் அந்த வாயுவில் அழுத்தம் மிச்சம் இருக்கும். வெளியேற்றும் வால்வு திறக்கும் கணத்தில் அந்த அழுத்தம் சட்டென்று விடுபட்டு வெளிக்காற்றில் மோதுவதுதான் எஞ்சின் சத்தத்தின் பெரும்பகுதி. இதைத் தணிக்க இரண்டு வழிகள் உண்டு. வாயுவைச் சிறு அறைகளுக்குள்ளும் துளையிட்ட குழாய்களுக்குள்ளும் திருப்பித் திருப்பி அனுப்பினால், தடுப்புகளில் பட்டு மீளும் ஒலி அலைகள் எதிர்வரும் அலைகளோடு மோதி ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். நிறுவனங்கள் வண்டியோடு தரும் சைலன்சர்களில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொரு வழியில், வாயு நேராகச் செல்லும் துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைக்கப்பட்டு, அப்பஞ்சு ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. பந்தய வண்டிகளின் சைலன்சரும் கடைகளில் விற்கும் தனிச் சைலன்சர்களில் பலவும் இந்த வகை. எஞ்சினிலிருந்து வளைந்து இறங்கும் முன்குழாயை மெக்கானிக்குகள் பென்ட் பைப் என்பர். உள்ளே செருகப்பட்டிருக்கும் துளைத்தடுப்பு பேஃபிள் எனப்படும். சத்தம் கூட்ட விரும்புவோர் முதலில் கைவைப்பது இந்தப் பேஃபிளில்தான்.

இக்கருவிக்கான காப்புரிமையை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இல் பெற்றனர். குதிரைகள் மிரளாமல் மோட்டார் வண்டி தெருவில் போக வேண்டும் என்பது அந்தக் காலத்தின் நெருக்கடி. ஆனால் சைலன்சர் வந்த சில ஆண்டுகளிலேயே அதை மீறும் கருவியும் வந்துவிட்டது: ஓட்டுநர் ஒரு நெம்புகோலை அழுத்தினால் வாயு சைலன்சருக்குள் போகாமல் முன்னதாகவே வெளியேறும்படி செய்யும் கட்-அவுட் என்னும் வால்வு அது. மேடு ஏறும்போது எஞ்சினுக்கு மூச்சு விடுவதற்கு அது தேவை என்று சொல்லப்பட்டது; ஊருக்குள் நுழையும்போதும் அது திறந்தே கிடந்ததால் பல நகரங்கள் அதைத் தடை செய்தன. இங்கிலாந்தில் 1907இல் திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தளத்தைச் சூழ்ந்து வாழ்ந்தவர்கள் சத்தத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றதன் விளைவாக, 1920களின் நடுவில் அங்கு ஓடும் ஒவ்வொரு வண்டியும் பெரிய தகரப்பெட்டி போன்ற சைலன்சரைப் பொருத்தியாக வேண்டும் என்ற விதி வந்தது. அடைத்தால் எஞ்சின் திணறும், திறந்தால் வலிமை கூடும் என்ற நம்பிக்கை சைலன்சரைவிடச் சில ஆண்டுகளே இளையது; பெரம்பலூர் பட்டறையில் இன்று கேட்கும் அதே வாதம் நூற்றாண்டுக்கு முன்பே உலகின் மறுபக்கத்தில் பேசப்பட்டு, ஊராரின் எதிர்ப்பையும் சந்தித்துவிட்டது.

இவ்வட்டாரத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த இடத்தை அதன் புவியியல் அமைப்பே ஓரளவு தீர்மானித்தது. சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் விழுப்புரம் வழியாக இணைக்கும் ரயில்பாதை அரியலூரைத் தொட்டுச் செல்கிறது. பெரம்பலூருக்கோ இன்றுவரை ரயில் நிலையம் இல்லை. திருச்சி நெடுஞ்சாலைதான் பெரம்பலூரின் உயிர்நாடி. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் ஊர்கள் அந்தச் சாலையிலிருந்து இருபுறமும் விலகிக் கிடப்பதால், அங்கு போய்வர மோட்டார் சைக்கிளே கைகொடுத்தது. பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தவை. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாயிற்று, அரியலூர் 2001இல் பிரிந்து 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. வண்டியின் எண் பலகையில் திருச்சிக்குரிய 45 மறைந்து, பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61 என்று ஏறியது இந்த நிர்வாக மாற்றங்களின் தடயமே.

தமிழ்நாட்டுச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓசைக்கு முதலில் ஒரு முகம் கொடுத்த வண்டி புல்லட். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூர் ஆலையில் 350 சிசி புல்லட் உருவாகத் தொடங்கியது. இராணுவமும் காவல்துறையும் அதன் முதல் பெரிய வாடிக்கையாளர்கள். சிற்றூர்களில் புல்லட் என்றால் காவல் ஆய்வாளர், நிலக்கிழார், ஒப்பந்தக்காரர் என்று அதிகாரத்தோடு சேர்த்தே மக்கள் நினைத்ததற்கு அதன் விலை மட்டும் காரணமன்று, அதன் ஓசையும் காரணம். நான்கு வீச்சு எஞ்சின், அதாவது கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் ஒருமுறை மட்டுமே பெட்ரோல் எரியும் எஞ்சின், நின்ற இடத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1000 சுற்று சுற்றும்போது நொடிக்கு எட்டு வெடிப்புகளே நிகழும். பெரிய ஒற்றைச் சிலிண்டரும் கனத்த சுழற்சக்கரமும் கூடிய புல்லட்டில் அந்த வெடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே காதில் விழும் அளவுக்கு இடைவெளி விட்டு வரும். மக்கள் அதைத் தாளமாகக் கேட்டார்கள். நிறுவனத்தின் நீண்ட சைலன்சர் அந்தத் தாளத்தை அடக்கவில்லை, கூர்மையை மட்டும் மழுக்கியது.

புல்லட் வசதியுள்ளவரின் வண்டி. கிராமத்துச் சுமையைத் தூக்கியவை இருவீச்சு வண்டிகளே. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960களின் தொடக்கத்திலிருந்து தயாரித்த ஜாவா, பின்னர் யெஸ்டி என்று பெயர் மாறிய வண்டி, ஒற்றைச் சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் கொண்டது. ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட் பால் கேனையும் வெங்காய மூட்டையையும் புல்லுக்கட்டையும் தாங்கி ஒற்றையடிப் பாதைகளில் நுழைந்தது. இருவீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் எரியும். மசகெண்ணெய் தனியாகச் சுழலாமல் பெட்ரோலோடு கலந்து உள்ளே போய் அரைகுறையாக எரிந்து வெளியேறும். அவ்வாறு எரியாத எண்ணெய்தான் சைலன்சரின் முதல் எதிரி. அது பேஃபிளின் துளைகளில் கரியாகப் படிந்து இறுகி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் வாயு போகும் வழியை அடைத்துவிடும். வண்டி மேடு ஏறாது, மைலேஜ் குறையும், சத்தம் அமுங்கும். சாலையோர மெக்கானிக்கின் அன்றாட வேலைகளில் ஒன்றாகச் சைலன்சர் கரி எடுத்தல் இடம்பெற்றது இதனால்தான். பேஃபிளைக் கழற்றித் தீயில் வாட்டிக் கம்பியால் சுரண்டுவதும், காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவதும் வழக்கமான முறைகள். ஜாவாவின் சைலன்சரில் பேஃபிள் தனியாக உருவி எடுக்கும்படியே அமைந்திருந்தது. கரி எடுப்பதும் உரிமையாளரின் பொறுப்பு என்று தயாரிப்பாளர் கருதியதை அது காட்டுகிறது.

நான்கு வீச்சு வண்டிகளுக்குக் கரி பெரிய தொல்லை தரவில்லை. அவற்றைத் துரு தின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கும் வேதியியல் உண்மை. நெடுந்தூரம் ஓடிய வண்டியில் குழாய் முழுவதும் சூடேறி அந்த நீராவி வெளியே போய்விடும். வீட்டிலிருந்து வயலுக்கும் வயலிலிருந்து கடைத்தெருவுக்கும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் குழாய் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிட, நீராவி உள்ளேயே குளிர்ந்து அடிப்பகுதியில் தேங்கும். வெளியில் குரோம் பூச்சு பளபளக்க, உள்ளிருந்து இரும்புத் தகடு அரிக்கப்படும். சைலன்சரின் அடியில் நிறுவனம் விடும் சிறு துளை இந்த நீர் வடிவதற்கே. அதை ஓட்டை என்று எண்ணி அடைத்துவிட்டவர்கள் சைலன்சரின் ஆயுளைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். ஓட்டை விழுந்த குழாய்க்கு முதலில் வெல்டிங் வைப்பர், பிறகு தகட்டை வெட்டிப் போர்த்துவர். அதுவும் தாங்காதபோது புதியது வாங்க வேண்டும். நிறுவனச் சைலன்சரின் விலை எட்டாதபோது, அதே வடிவில் வேறு பட்டறைகள் செய்த மலிவுச் சைலன்சர் போதுமென்று தேர்ந்தவர்கள்தான் வெளிச் சந்தையின் முதல் வாடிக்கையாளர்கள். இவர்கள் தேடியது சத்தம் குறைந்த பொருளை. கிடைத்தது பல வேளைகளில் மெல்லிய தகடும் எளிய பேஃபிளும் கொண்ட, அசலைவிடச் சற்று அதிகமாக ஒலிக்கும் பொருள். சத்தம் விருப்பமாவதற்கு முன்பே அது சிக்கனத்தின் துணைவிளைவாக ஊருக்குள் வந்துவிட்டிருந்தது.

விருப்பமாக மாறிய கட்டத்தைப் புல்லட்டுக்கான சைலன்சர்களின் பெயர்களே பதிவு செய்து வைத்திருக்கின்றன. பஞ்சாப் சைலன்சர், இந்தோரி, டால்ஃபின், மெகாஃபோன், கோல்ட்ஸ்டார் என்று சந்தையில் வழங்கும் இப்பெயர்களில் முதலிரண்டும் இந்திய வட்டாரங்களைச் சுட்டுபவை. டால்ஃபினும் மெகாஃபோனும் வடிவத்தால் பெயர் பெற்றவை. கோல்ட்ஸ்டார், இங்கிலாந்தின் பிஎஸ்ஏ நிறுவனத்தின் புகழ்பெற்ற வண்டியின் பெயர். டெல்லியின் கரோல்பாக் சந்தை வட இந்தியாவில் இந்தப் பொருள்களின் பெரிய களம் என்றால், சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையும் வாகன உதிரிப்பொருள்களுக்குப் பெயர் பெற்றவை. ஒரே எஞ்சினின் தாளத்தைப் பல குரல்களில் பேசவைக்கலாம் என்பதை வாங்குபவர் இந்தப் பெயர்ப்பட்டியலின் மூலம்தான் கற்றுக்கொண்டார். குழாயின் நீளம், விட்டம், வாயின் விரிவு ஆகியவை மாறும்போது எந்த அதிர்வெண் தூக்கலாக வெளியேறும் என்பது மாறுவதால், நீண்ட பருத்த குழாய் கனத்த அடித்தொனியையும், குட்டைக் குழாய் வெடிப்பின் கூர்மையையும் தருகின்றன. இதில் ஓர் உண்மையான ரசனை இருந்தது என்பதை மறுப்பது நியாயமாகாது. தவிலின் தொப்பிக்கும் வலந்தலைக்கும் வேறுபாடு கேட்டுப் பழகிய காதுகளுக்கு எஞ்சினின் தொனியில் நுட்பம் கேட்பது இயல்பே.

இருவீச்சு வண்டியின் கதை வேறு, அங்கே சைலன்சரை மாற்றுவது எஞ்சினையே மாற்றுவதற்குச் சமம். 1985இல் வந்து 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்குச் சிறந்த சான்று. 98 சிசி எஞ்சின் 7500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது. அந்த வேகத்தில் நொடிக்கு 125 வெடிப்புகள், ஆகவே புல்லட்டின் தாளத்திற்கு மாறாக அதன் ஒலி ஒரே இழையாக நீளும் சுருதி. இருவீச்சு எஞ்சினில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே நுழையும் நேரத்தில் வெளியேற்றும் துளையும் திறந்தே இருப்பதால், கலவையின் ஒரு பகுதி எரியாமலே ஓடிவிடும். இந்த இழப்பைக் குழாயின் வடிவத்தால் தடுக்க முடியும் என்பதை முறையாகச் செய்துகாட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் ட்சோப்பாவ் நகரில் எம்இசட் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் வால்டர் காடன். குழாய் முதலில் கூம்பாக விரிந்து பிறகு கூம்பாகக் குறுகினால், விரியும் பகுதியில் பிறக்கும் குறைவழுத்த அலை எரிந்த வாயுவை இழுக்கும். குறுகும் பகுதியில் பட்டுத் திரும்பும் அழுத்த அலை, ஓடிப்போன கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். அவருடைய 125 சிசி பந்தய வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961இல் மேற்குக்குத் தப்பி ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்து, மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அந்த அறிவு ஜப்பானிய நிறுவனங்களிடம் பரவி, மிதமான வடிவில் சாலை வண்டிகளின் சைலன்சர்களுக்குள்ளும் குடியேறியது.

7500 சுற்றில் கிராங்க் தண்டு ஒருமுறை சுற்ற 8 மில்லி நொடி ஆகும். வெளியேற்றும் துளை அதில் பாதிக்கும் குறைவான நேரமே திறந்திருக்கும். அதற்குள் அலை குழாயின் கூம்பு வரை சென்று திரும்பிவிட வேண்டும். இந்தக் கணக்கை அறியாமல் ஆர்எக்ஸ் 100இன் சைலன்சரை வெட்டிக் குட்டையாக்கியவரும், உள்ளிருந்ததை எல்லாம் உருவி வெறுங்குழாயாக ஓட்டியவரும் பெற்றது சத்தத்தை. இழந்தது வேகத்தையும் பெட்ரோலையும். சத்தம் கூடியதால் வேகமும் கூடியதாகக் காது ஏமாந்தது. நான்கு வீச்சு வண்டியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. தடையற்ற குழாயைப் பொருத்திவிட்டு கார்புரேட்டரின் ஜெட், அதாவது பெட்ரோல் பாயும் சிறு துளை, மாற்றப்படாவிட்டால் கலவையில் காற்று மிகுந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும்; வேகத்தைக் குறைக்கும்போது குழாயில் பட்டாசு போல் வெடிக்கும். அந்த வெடிப்பை வலிமையின் அடையாளம் என்று கருதுவோர் உண்டு. எரிய வேண்டிய பெட்ரோல் எஞ்சினுக்குள் எரியாமல் குழாயில் எரிகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை.

2001இல் வந்த பஜாஜ் பல்சரும் 2012இல் வந்த கேடிஎம் டியூக் 200உம் இளைஞர்களின் கையில் வேக வண்டிகளைக் கொடுத்தபோது, ஸ்லோவேனியாவின் அக்ரபோவிச், ஜப்பானின் யோஷிமுரா ஆகிய பந்தயப் பெயர்கள் தமிழ்நாட்டுச் சிறுநகரங்கள் வரை வந்தன. ஹிடியோ யோஷிமுரா 1954இல் தொடங்கிய நிறுவனமும், முன்னாள் பந்தய வீரர் இகோர் அக்ரபோவிச் 1990களின் தொடக்கத்தில் அமைத்த நிறுவனமும் பந்தயத்தளத்திற்காகத் துல்லியமாகக் கணக்கிட்டுக் குழாய் செய்தவை. சிறுநகரக் கடைகளில் மலிவாகத் தொங்குபவற்றில் பெரும்பாலானவை அப்பெயர்களின் ஒட்டுப்பட்டை தாங்கிய போலிகள். அவற்றின் வாயில் செருகியிருக்கும் டிபி கில்லர் என்னும் சிறு தடுப்பை ஒரே திருகாணியில் கழற்றிவிட முடிவதால், வாங்கிய அன்றே அது கழற்றப்படுகிறது.

இதற்கிடையில் சைலன்சரின் பொருளே மாறிவிட்டது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டு அமைப்பான வினையூக்கி மாற்றி குழாய்க்குள் இடம்பெற்றது. நச்சான கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் அது தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றுகிறது. 2020 ஏப்ரல் 1 அன்று நடப்புக்கு வந்த பிஎஸ் 6 விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் குழாயில் பொருத்திய ஆக்சிஜன் உணரி சொல்லும் கணக்கின்படியே பெட்ரோல் தெளிக்கப்படுகிறது. 1980களில் சைலன்சரைக் கழற்றியவர் ஓசைத் தடுப்பை மட்டும் கழற்றினார். வினையூக்கி அமைந்த குழாயை முழுதாகக் கழற்றுபவர் அதனுடன் வண்டியின் நுரையீரலையும் கழற்றுகிறார். டிவிஎஸ் மொபெட்டே 2015இல் எக்ஸ்எல் 100 என நான்கு வீச்சுக்கு மாறியதோடு, கரி எடுக்கும் பழைய பட்டறைத்தொழிலும் மெல்ல மங்கிவிட்டது.

சட்டம் இந்த மாற்றங்களை ஓரளவு தொடர்ந்து வந்துள்ளது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 120ஆம் விதி, ஒவ்வொரு வண்டியிலும் வாயு விரிவறை வழியாகவோ வேறு வழியிலோ வெளியேற்ற ஓசையை இயன்ற அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 2005 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு, 80 சிசி வரை 75, 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80 டெசிபல் என உற்பத்தி நிலையில் உச்சவரம்பு உள்ளது; முழு வேகமுடுக்கத்தில் கடக்கும் வண்டியிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் வைத்த ஒலிவாங்கி அதை அளக்கும். டெசிபல் சாதாரண எண்ணிக்கை போன்றதன்று. 10 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு ஓசை, புகை வரம்புகளை மீறுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமளிக்கிறது. பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலை உருளை ஏற்றி நசுக்கும் காட்சி செய்தியாகிறது. அந்தக் குழாய்களைச் செய்து விற்ற சந்தை அதே நாளில் திறந்தே இருக்கிறது என்பது இந்நடவடிக்கையின் பெரிய குறை.

அரியலூர் மண்ணின் சுண்ணாம்புக்கல்லை நம்பி 1979இல் அரசு சிமெண்ட் ஆலையும், பின்னர் தனியார் ஆலைகளும் வந்ததால் லாரிகளின் இரைச்சல் இவ்வூர்களுக்குப் புதிதன்று. அந்த இரைச்சலுக்குப் பொருளாதாரக் காரணம் ஒன்றாவது உண்டு. ஆனால் அமைதி தேவைப்படும் இடங்களும் இங்கே உண்டு. கீழப்பழுவூருக்கு அருகே புள்ளம்பாடி வாய்க்கால் நீர் நிரப்பும் கரைவெட்டி ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம், 2024 முதல் ராம்சர் ஈரநிலம். இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அங்கே இறங்குகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பேஃபிள் கழற்றிய வண்டி இவற்றில் எதன் எல்லையையும் அறியாது.

ஆகவே சைலன்சர் மாற்ற வேண்டிய நிலையில் உள்ளவர், வண்டி புதியதாயின் நிறுவனத்தின் குழாயையே வாங்குவது சரி. வேறொன்றைத் தேர்ந்தால் அதில் வினையூக்கி உண்டா, அந்த வண்டி மாதிரிக்கென ஒப்புதல் பெற்றதா, பேஃபிள் கழற்ற முடியாதபடி அமைந்ததா என்று கேட்டறிந்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். பழைய புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள்: அந்த வண்டிகளின் அசல் சைலன்சர், அவற்றின் எஞ்சினுக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்ட பாகம், துருப்பிடித்தாலும் வெல்டிங் வைத்து மீட்கலாம், மீட்க முடியாததைப் பரணில் ஏற்றி வைக்கலாம், எடைக்கு மட்டும் போட்டுவிட வேண்டாம்.